ஸ்பிளிட் அரண்மனை: வீடுகளை அகற்றியிருக்க வேண்டுமா, விட்டுவைத்தது சரியா?

நெய்தல்நிலவன்

ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் 305ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி தாமாகவே பதவியைத் துறந்தார். அதற்கு முன் எந்த ரோமப் பேரரசரும் விரும்பி அரியணையை விட்டு இறங்கியதில்லை. ஓய்வுக் காலத்தைக் கழிக்க, தாம் பிறந்த டால்மேஷியா கடற்கரையில், சலோனா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாளிகையைக் கட்டி வைத்திருந்தார். இன்றைக்குக் குரோவேசியாவின் இரண்டாவது பெரிய நகரமான ஸ்பிளிட்டின் நெஞ்சுப்பகுதி அந்த மாளிகைக்குள்தான் இருக்கிறது.

இடிபாடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அரண்மனை மதிலிலேயே சன்னல் வைத்து வீடு கட்டியிருக்கிறார்கள். பேரரசர் மக்களுக்குக் காட்சி தந்த தூண் முற்றத்தின் மேற்கு வரிசைத் தூண்கள், பிற்காலத்துச் செல்வர் மாளிகைகளின் முகப்புச் சுவருக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. அதன் படிக்கட்டில் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

சமீபத்தில் போய் வந்தேன். உடன் வந்த நண்பர் மதில்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த வீடுகளையெல்லாம் ஆரம்பத்திலேயே அப்புறப்படுத்தியிருந்தால் எத்தனை அழகாக இருந்திருக்கும்" என்றார். விமான நிலையம் வரை விவாதம் ஓயவில்லை. என் கட்சி இதுதான்: வீடுகள் வந்திராவிட்டால் அரண்மனையே மிஞ்சியிருக்காது. சாட்சி வேண்டுமென்றால் சலோனாவைப் பாருங்கள். டால்மேஷியா மாகாணத்தின் தலைநகரம் அது. 7ஆம் நூற்றாண்டில் அவார், சிலாவியர் படையெடுப்புகளில் வீழ்ந்தது. அதன்பின் யாரும் அதில் குடியேறவில்லை. இன்று சோலின் ஊரின் ஓரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அடிச்சுவர்க் கோடுகளாகக் கிடக்கிறது. அங்கிருந்து ஓடிவந்த மக்கள் நுழைந்த அரண்மனையோ நிமிர்ந்து நிற்கிறது.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கல்தச்சன்

நிலவன் சொல்வதற்கு, அரண்மனைக்கு அடியில் இருக்கும் நிலவறையைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கு தெற்காக ஏறத்தாழ 215 மீட்டர், கிழக்கு மேற்காக 180 மீட்டர். எதிரே தெரியும் பிராச் தீவிலிருந்து வெட்டிவந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல்தான் முக்கியப் பொருள். தூண்களில் சில எகிப்திலிருந்து வந்த கருங்கல். நிலம் வடக்கிலிருந்து கடலை நோக்கிச் சரிகிறது. தெற்கே, கடலைப் பார்த்தபடி, பேரரசரின் சொந்த அறைகள் அமைய வேண்டும். அவற்றின் தளமோ வடபகுதியோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எனவே சரிவில் வளைவுக் கூரையுடன் கூடிய அறைகளைக் கட்டி, அவற்றின் தலைமேல் அரச அறைகளை ஏற்றினார்கள். மேல்சுவர்கள் கீழ்ச்சுவர்களின் மேலேயே அமர்ந்திருந்ததால் மேல்தளத்தின் வரைபடம் அப்படியே கீழே பதிந்திருக்கிறது.

மேலே இருந்த அரச அறைகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. கீழே இருப்பது அழியவில்லை. ஏன்? இடைக்காலத்தில் மேலே வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் தரையில் துளை போட்டு, வீட்டுக் கழிவையெல்லாம் கீழே தள்ளினார்கள். நூற்றாண்டுக் கணக்காகத் தள்ளினார்கள். அறைகள் கூரை வரை நிறைந்தன. ஊறுகாய்க்கு உப்பு போல அந்தக் குப்பை வேலை செய்தது: சுவர் சரியவில்லை, கல்லை யாரும் பெயர்த்துக்கொண்டு போகவும் முடியவில்லை. 1950களுக்குப் பிறகு பெரிய அளவில் தோண்டி வெளியே எடுத்தபோதுதான், மேலே எந்த அறை எங்கே இருந்தது என்பதே சரியாக விளங்கியது. ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிய வரைபடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் சாக்கடைக்குழாய் இல்லாத குடித்தனக்காரர்கள்.

பிடிவாதக்காரன்

இருவரும் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறீர்கள். குடியேறியவர்கள் காப்பாற்றினார்கள் என்கிறீர்களே, அவர்கள் இடித்ததை யார் கணக்கெடுப்பது? பேரரசரின் உணவுக்கூடம் எங்கே? மேல்தளத்து அறைகள் எங்கே? மதிலோரம் இருந்த கோபுரங்கள் 16. இன்று உருப்படியாக நிற்பவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடும். அந்தக் கற்களெல்லாம் எந்த வீட்டின் அடிவாரத்தில் கிடக்கின்றன?

இன்னொன்று. 'வாழும் நகரம்' என்ற புகழ்ச்சி இன்று எவ்வளவு தூரம் உண்மை? கோடையில் அந்தச் சந்துகளில் நடந்தவர்களுக்குத் தெரியும். பாதி வீடுகள் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. தரைத்தளம் முழுக்கப் பனிக்கூழ்க் கடை, காந்தப் பொம்மைக் கடை. கடல் பக்கத்து வாசல் வழியே நுழைந்தால் நிலவறையின் நடுப்பாதையில் இரண்டு பக்கமும் நினைவுப்பொருள் விற்பனை. நான் தங்கிய விடுதி ஒன்றில் ரோமானியச் சுவரில் ஆணியடித்துத் தொலைக்காட்சியை மாட்டியிருந்தார்கள். குடியிருப்பவர்களே போய்விட்ட பிறகு, யாருக்காக அந்த வீடுகளைக் காப்பாற்றுகிறோம்? 1,700 ஆண்டுக் கட்டடத்தைக் காட்டாமல், 200 ஆண்டுக் கூரையைக் காட்டுவதில் என்ன பெருமை?

ஓலைச்சுவடி

பிடிவாதக்காரன் ஐயா கேட்பது புதிய கேள்வி இல்லை. நூறு ஆண்டுக்கு முன்பே ஸ்பிளிட்டில் இதைச் செய்து பார்த்தாகிவிட்டது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆஸ்திரிய ஆட்சியில், அரண்மனையைப் பிற்காலக் கட்டடங்களிலிருந்து 'விடுவிக்க' வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. சலோனாவைத் தோண்டி உலகுக்குக் காட்டிய அருட்பணியாளர் பிரானே பூலிச் அந்தப் பக்கம் நின்றவர். அரண்மனைக்குள் இருக்கும் பேராலயத்தை ஒட்டியிருந்த பழைய ஆயர் இல்லத்தை இடிக்கலாமா என்பதில் சண்டை முற்றியது. வியன்னாவிலிருந்து கலை வரலாற்றாசிரியர் அலோயிஸ் ரீகல் இடிக்கக் கூடாது என்றார். பழமைச் சின்னங்களின் மதிப்பு பற்றி 1903ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பாதுகாப்புத் துறை மாணவர்களுக்குப் பாடம். ஒரு கட்டடத்தின் மேல் காலம் ஏற்றிய தழும்புகளுக்கும் மதிப்பு உண்டு என்று வாதாடியவர் அவர். ஆனால் அவர் காலமான பிறகு, 1920களில் ஆயர் இல்லம் இடிக்கப்பட்டது.

இடித்ததும் என்ன கிடைத்தது? பேராலயத்துக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடம் கிடைத்தது. அடியிலிருந்து மறைந்துபோன ரோம் ஒன்றும் எழுந்து வந்துவிடவில்லை.

பேராலயத்து மணிக்கோபுரத்தின் கதையும் இதே வகை. இடைக்காலத்தில் தொடங்கிப் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த கோபுரம் அது. பழுதுபார்க்கிறோம் என்று பிரித்து, 1908ல் முடித்தபோது, பழைய சிற்பங்களில் பல அதில் இல்லை. 'தூய்மைப்படுத்தும்' கை எப்போதும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போகிறது.

'ரோமானியம் மட்டும்' என்று சொல்பவர்கள் எந்த ரோமானியத்தைச் சொல்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். தியோக்கிளேசியன் இறந்த பிறகு அந்த மாளிகை சும்மா கிடக்கவில்லை. ரோம அரசின் பதவிப் பட்டியல் ஒன்றில், அந்த இடத்தில் அரசு நெசவுக்கூடம் ஒன்று இருந்ததாகவும் அதற்கு ஓர் அதிகாரி இருந்ததாகவும் குறிப்பு உண்டு. மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர்களில் ஒருவரான யூலியுஸ் நெப்போஸ், 480ல் சலோனாவுக்கு அருகே தமது மாளிகையில் கொல்லப்பட்டார். அது இதே அரண்மனையாக இருக்கலாம் என்று கருதுவோர் பலர். அதாவது ரோமானியர்கள் காலத்திலேயே இது பலமுறை கை மாறி, வேலை மாறிய கட்டடம். எந்த ஆண்டில் நிறுத்திவைத்து 'இதுதான் அசல்' என்பீர்கள்?

வழிப்போக்கன்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். செப்டம்பரில் டூப்ரோவ்னிக் போகிறோம். ஸ்பிளிட்டுக்கு ஒரு நாள் போதுமா? விசா தனியாக எடுக்க வேண்டுமா?

நெய்தல்நிலவன்

விசா தனியாகத் தேவையில்லை. 2023 ஜனவரி 1 முதல் குரோவேசியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. அதே நாளில் யூரோவும் வந்துவிட்டது. ஒரு நாள் போதுமா என்பதைப் பிறகு சொல்கிறேன், விவாதம் சூடாக இருக்கிறது.

மறைமணி

ஓலைச்சுவடி அண்ணன் பேராலயத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அதன் கதையைச் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு அந்த ஊரிலேயே மனத்தில் நிற்பது அதுதான்.

எங்கள் ஊர்க் கோயில்களில் புனித செபஸ்தியார் வரலாறு கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தியோக்கிளேசியன் என்ற பெயர் புதிதில்லை. அம்பு எய்யச் சொன்ன கொடுங்கோலன் அவன்தான். 303ல் அவன் பிறப்பித்த ஆணைகளால் பேரரசெங்கும் ஆலயங்கள் இடிக்கப்பட்டன, மறைநூல்கள் கொளுத்தப்பட்டன. சலோனாவின் ஆயர் தோம்னியுஸ் 304ல் கொல்லப்பட்டார்.

அரண்மனையில் அவன் தனக்கென்று எண்கோண வடிவில் ஒரு கல்லறை மண்டபம் எழுப்பினான். சலோனாவிலிருந்து வந்த கிறித்தவர்கள் 7ஆம் நூற்றாண்டில் அதைப் பேராலயமாக்கினார்கள். அவனால் கொல்லப்பட்ட தோம்னியுஸ்தான் அந்தப் பேராலயத்தின் பாதுகாவலர், ஊருக்கே பாதுகாவலர். மே 7 அன்று ஊர் முழுக்கத் திருவிழா. கொன்றவனின் கற்பெட்டியோ எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. எதிரே இருந்த ஜுப்பிட்டர் கோயில் திருமுழுக்குக் கூடமானது. தன்னை ஜுப்பிட்டரின் வழிவந்தவன் என்று சொல்லிக்கொண்டவன் அவன்!

இத்தனைக்கும், மண்டபத்தின் உள்ளே மேலே ஓடும் சிற்பப் பட்டையில் தியோக்கிளேசியனும் அவன் மனைவி பிரிஸ்காவும் என்று கருதப்படும் இரண்டு முகங்கள் இன்னும் இருக்கின்றன. யாரும் செதுக்கி எறியவில்லை. தினமும் திருப்பலியை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாசற்கதவு பூவினா என்ற கலைஞர் 1214ல் செய்தது. அக்ரூட் மரத்தில் இயேசுவின் வாழ்வு 28 பலகைகளில்.

பிடிவாதக்காரன் ஐயா, உங்கள் திட்டப்படி ரோமானியத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தக் கதவைக் கழற்ற வேண்டும். பலிபீடங்களையும் தூக்க வேண்டும். மிஞ்சுவது ஒரு வெறும் கல்லறை; அதில் பிணம்கூட இல்லை.

பிடிவாதக்காரன்

கதவைக் கழற்றச் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டுக் கலையை எடுத்துவிடச் சொல்லும் மூடன் நான் இல்லை. வகைதொகை இல்லாமல் எல்லாவற்றையும் புனிதமாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். பூவினாவின் கதவும், பிற்காலத்தில் எவரோ ஒட்டவைத்த கழிப்பறையும் ஒரே தட்டில் வைக்கப்படக் கூடாது. தேர்வு செய்யும் துணிவு வேண்டும். ஓலைச்சுவடி 1920களைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கிழக்குப் பக்கம் சிதைந்த பிறகு, அடைபட்டுக் கிடந்த வெள்ளி வாசலைத் திறந்தார்களே, அது நல்லதுதானே? அந்த வழியாகத்தான் இன்று எல்லோரும் சந்தைக்குப் போகிறீர்கள்.

ஓலைச்சுவடி

நல்ல எடுத்துக்காட்டு. மறுக்கவில்லை. வாசல் என்பது நடப்பதற்கு. திறந்ததும் ஊருக்கே பயன் கிடைத்தது.

எதைச் சேர்ப்பது என்பதிலும் இதே துணிவு வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். 1929ல் சிற்பி இவான் மெஷ்ட்ரோவிச் செய்த, 10ஆம் நூற்றாண்டுக் குரோவேசிய ஆயர் கிர்கூர் நின்ஸ்கியின் மாபெரும் வெண்கலச் சிலையைத் தூண் முற்றத்தின் நடுவிலேயே நட்டார்கள். எட்டு மீட்டருக்கும் மேல் உயரம். சுற்றியிருந்த தூண்களெல்லாம் குட்டையாகிவிட்டன. பூலிச் இதைக் கடுமையாக எதிர்த்தார். இரண்டாம் உலகப் போரில் ஊரைப் பிடித்த இத்தாலியர்கள் சிலையை அகற்றினார்கள். அவர்கள் நோக்கம் வேறு, அது அரசியல். 1954ல் வடக்கே பொன் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். இப்போது எல்லோரும் அதன் கால் கட்டைவிரலைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள், விரல் மட்டும் பளபளக்கிறது. இடம் மாறியதால் சிலைக்கும் நல்லது, முற்றத்துக்கும் நல்லது.

1968 ஜனவரியில் அதே முற்றத்தின் தரை முழுவதற்கும் இளைஞர் சிலர் இரவோடிரவாகச் சிவப்புச் சாயம் பூசினார்கள். அன்று காவல்துறை விவகாரம்; இன்று யூகோஸ்லாவியக் கலை வரலாற்றில் தனி அத்தியாயம். அரண்மனையாக மட்டும் விட்டுவைத்திருந்தால் கம்பி வேலி போட்டிருப்பார்கள், சாயம் பூச யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

சூரிச்_சாந்தி

ஆண்கள் எல்லோரும் கல்லையே பேசுகிறீர்கள். நாங்கள் கோடை விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள். ஆட்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

பிடிவாதக்காரன் அண்ணா சொல்வதில் ஒரு பாதி உண்மை. மதிலுக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீட்டை நாள் வாடகைக்கு விட்டுவிட்டு, கிழக்கே 1970களில் கட்டிய பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் போய் வாழ்கிறார்கள். ஏன் போக மாட்டார்கள்? கார் வராது. குளிர்சாதனப் பெட்டியை மூன்றாம் மாடிக்குத் தோளில் சுமக்க வேண்டும். ஒரு சுவரில் துளை போடுவதற்குக்கூடப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சன்னலுக்குக் கீழே விடிகாலை வரை குடித்துவிட்டுப் பாட்டு. அந்த நிலையில் எவரும் போய்விடுவார்கள்.

ஆனாலும் ஊர் செத்துவிட்டது என்று எழுத வேண்டாம். வெள்ளி வாசலுக்கு வெளியே காய்கறிச் சந்தைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்கள் அத்திப்பழமும் கீரையும் கொண்டுவந்து விற்கிறார்கள். மேற்குப் பக்கம் மீன் சந்தை. பக்கத்திலேயே கந்தக ஊற்று இருப்பதால் அழுகிய முட்டை வாடை அடிக்கும்; அதனால்தான் ஈ வருவதில்லை என்பார்கள் ஊர்க்காரர்கள். மேற்குப் பக்கத்து இரும்பு வாசல் கட்டிய நாள் முதல் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. அதன் வழியாகப் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். மேற்கு மதிலில் 16ஆம் நூற்றாண்டிலேயே யூதர்கள் தங்கள் தொழுகைக்கூடத்தை அமைத்தார்கள், இன்றும் வழிபாடு நடக்கிறது. பேரரசர் கட்டிய கால்வாய் யாட்ரோ ஆற்றின் ஊற்றிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தண்ணீர் கொண்டுவந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதைப் பழுதுபார்த்து மறுபடி ஓடவிட்டார்கள். ஊர் இன்றும் அதே ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

எனவே என் கேள்வி வேறு. வீடுகளை இடிப்பதா வேண்டாமா என்பதைவிட, வீட்டுக்குள் ஆளை எப்படி நிறுத்துவது என்பதல்லவா பேச வேண்டியது?

கல்தச்சன்

சாந்தி அக்கா சொன்னதுதான் விஷயத்தின் அடிவேர். கட்டுமானக் கண்ணாலும் அது சரி. பழைய கட்டடத்தில் ஆள் இருந்தால் ஒழுகும் கூரையை அன்றைக்கே பார்ப்பார்கள். கோடையில் மட்டும் திறக்கும் வாடகை அறையில் மழைக்காலத்து ஈரம் யார் கண்ணிலும் படாது.

13ஆம் நூற்றாண்டில் ஸ்பிளிட்டில் வாழ்ந்த தலைமைத் திருத்தொண்டர் தோமா ஊரின் வரலாற்றை எழுதியிருக்கிறார். சலோனா அகதிகள் உள்ளே வந்தபோது வசதி படைத்தவர்கள் சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொண்டார்கள். அதற்கு வழியில்லாதவர்கள் கோபுரங்களில் தங்கினார்கள். ஏழைகள் நிலவறை வளைவுகளுக்கு அடியில் ஒண்டினார்கள் என்கிறார். இன்று அந்தப் படிவரிசை தலைகீழாகிவிட்டது. காசுள்ள பயணி உள்ளே தங்குகிறான், ஊர்க்காரன் மதிலுக்கு வெளியே.

பிடிவாதக்காரன்

இந்த இடத்தில் நாம் ஒத்துப்போகிறோம் போலிருக்கிறது, எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் அப்படியானால் 'குடியேற்றம் காப்பாற்றியது' என்ற நிலவனின் வாதத்தை இன்றைக்கு நீட்ட முடியாது. 7ஆம் நூற்றாண்டில் வந்தவன் உயிருக்குப் பயந்து வந்தான், அங்கேயே செத்தான். இன்று வருபவன் மூன்று இரவு. இரண்டையும் 'மக்கள் புழக்கம்' என்று ஒரே பெயரால் அழைப்பது சரியில்லை.

நெய்தல்நிலவன்

நீட்டவில்லை. அரண்மனை 1979ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது அதன் பெயரையே பாருங்கள்: 'தியோக்கிளேசியன் அரண்மனையுடன் கூடிய ஸ்பிளிட்டின் வரலாற்று வளாகம்'. ஊர் முன்னால், அரண்மனை பின்னால். ரோமானியக் கல் மட்டும் என்றால் அந்தத் தகுதியே வேறாக இருந்திருக்கும். ஆள் போய்விட்டால் பட்டியலில் ஏற்றிய காரணத்திலேயே பாதி போய்விடும் என்பதைத்தான் நகராட்சிக்குப் புரியவைக்க வேண்டும்.

ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் 1757ல் வந்து ஐந்து வாரம் தங்கி அளந்தபோதும் இதே நிலைதான். வரைவாளர்கள் வீட்டுக்கு வீடு ஏறி, சுவருக்குப் பின்னால் தூணைத் தேடினார்கள். அன்று ஊரை ஆண்ட வெனிஸ் அதிகாரிகள் அவரை உளவாளி என்று சந்தேகித்தார்கள்! 1764ல் அவர் வெளியிட்ட படநூல் லண்டன் மாளிகைகளின் முகப்பையே மாற்றியது. அந்த நூலின் படங்கள் சிலவற்றில் வீடுகள் இருக்கின்றன, சிலவற்றில் அவரே வீடுகளை நீக்கிவிட்டு ரோமை மட்டும் வரைந்திருக்கிறார். பிடிவாதக்காரனுக்கு அந்த வகைப் படங்கள் போதும். காகிதத்தில் இடிப்பதை யாரும் தடுக்கவில்லை.

பிடிவாதக்காரன்

காகிதத்தில் இடிப்பதோடு நிலவறைப் பாதையில் உள்ள காந்தப் பொம்மைக் கடைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வழிப்போக்கன்

ஐயா, ஒரு நாள் போதுமா?

நெய்தல்நிலவன்

இரண்டு இரவு தங்குங்கள். பொன் வாசல் வழியாக, காலை ஏழு மணிக்கு முன் நுழைந்தால் தெருக்கள் உங்களுக்கே. வாசலுக்கு மேலே, மதிலின் காவல் நடைபாதைக்குள் புனித மார்ட்டின் சிற்றாலயம் இருக்கிறது. அகலம் இரண்டு மீட்டர்கூட இல்லை, பலர் தவறவிடுகிறார்கள். நிலவறைக்கு டிக்கெட் உண்டு. அதன் படியேறி வந்தால் கூரை திறந்த வட்ட மண்டபம். அங்கே துணைக்கருவி இல்லாமல் ஆண்கள் கூடிப் பாடும் கிளாபா கேட்கக் கிடைக்கும். இரண்டாம் நாள் நகரப் பேருந்தில் சலோனா. நிழல் குறைவு, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சூரிச்_சாந்தி

கடலில் குளித்துவிட்டு நீச்சலுடையோடு அரண்மனைத் தெருக்களில் நடந்தால் அபராதம் போடுகிறார்கள், பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். மீன் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பகலில் போனால் கந்தக வாடை மட்டும்தான் மிச்சம்.